ஆப்பிளுக்குச் சாட்சி சொல்லும் ஓவியம்

1890ஆம் ஆண்டில் ஒரு சிவப்பு ஆப்பிளைப் புகைப்படம் எடுத்திருந்தால் தாளில் கிடைத்திருப்பது கிட்டத்தட்ட ஒரு கறுப்பு உருண்டை. அன்று பரவலாகப் புழங்கிய கண்ணாடித் தகடுகளில் பூசியிருந்த வெள்ளி உப்புகள் நீல ஒளிக்கும் ஊதா ஒளிக்கும்தான் வினைபுரிந்தன. ஜெர்மானிய வேதியியலர் ஹெர்மன் ஃபோகெல் 1873இல் சாயம் சேர்த்துப் பச்சையையும் மஞ்சளையும் ஓரளவு பதியவைக்க வழி கண்டார். சிவப்பையும் பதியும் தகடுகள் கடைக்கு வர 1906 வரை ஆயிற்று. மஞ்சள் தோலில் சிவப்பு வரி ஓடும் ஆப்பிள் என்றால் நிலைமை இன்னும் மோசம்: மஞ்சளும் இருண்டு சிவப்பும் இருண்டு, வரி எது தோல் எது என்றே தெரியாது. அமெரிக்க வேளாண்மைத் துறை 1886இல் பழவியல் பிரிவைத் தொடங்கி, மறு ஆண்டிலேயே வில்லியம் ஹென்றி பிரெஸ்டெலி என்ற ஓவியரைச் சம்பளத்துக்கு அமர்த்தியதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் இதுதான். கேமராவால் முடியாததை அதுவரை தூரிகை செய்தது, கேமரா தேறியதும் தூரிகைக்கு வேலை போயிற்று என்று கதை முடியும். அந்தக் கதை பாதிதான் சரி. லூமியேர் சகோதரர்களின் வண்ணத் தகடு 1907இலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. கோடாக்ரோம் 1935இல் வந்தது. துறையின் ஓவியர்களோ 1942 வரை வரைந்துகொண்டிருந்தார்கள். அரசு அலுவலகத்தின் மெத்தனம் என்று இதைத் தள்ளிவிடலாம்; மெத்தனத்துக்கும் அதில் ஒரு பங்கு இருக்கக்கூடும். ஆனால் அந்த ஓவியங்களில் ஒன்றை எடுத்து, வரைந்தவர் எதையெதை முடிவு செய்ய வேண்டியிருந்தது என்று யோசித்துப் பார்த்தால், புகைப்படம் வரும்வரை ஒப்பேற்றிய பண்டமாக அதைக் கருத முடியாது. அது வேறு வகையான சான்று. பழத்துக்குரியது எது, அன்றைய வெளிச்சத்துக்குரியது எது, வளர்ந்த இடத்தின் தற்செயல் எது என்று பிரித்துச் சொல்லும் சான்று.

அப்படிப்பட்ட சான்று ஏன் தேவைப்பட்டது என்பதற்குப் பழ வியாபாரத்தைப் பார்க்க வேண்டும். இருப்புப்பாதை அமெரிக்காவின் குறுக்கே ஓடத் தொடங்கியதும் ஒரு மாநிலத்து நாற்றுப் பண்ணையின் ஒட்டுக்கன்று ஆயிரம் மைல் தள்ளியிருந்த குடியானவரின் தோட்டத்துக்குப் போனது. கன்று வாங்கியவருக்குக் கையில் இருப்பது ஒரு குச்சியும் ஒரு பெயரும்தான். காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். காய்த்த பிறகு, கேட்டது இதுவல்ல என்று தெரிந்தால் போன ஆண்டுகள் போனவைதான். ஒரே ஆப்பிள் பத்து ஊர்களில் பத்துப் பெயர்களுடன் விற்றது. ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஆப்பிள்கள் விற்றன. 1804 முதல் 1904 வரை அமெரிக்க நூல்களில் இடம்பெற்ற ஆப்பிள் பெயர்களை டபிள்யூ. எச். ராகன் தொகுத்து 1905இல் துறையின் வெளியீடாகக் கொண்டுவந்தபோது பட்டியல் சுமார் 17,000 பெயர்களுக்கு நீண்டது. அவற்றில் பல ஆயிரம் வெறும் மாற்றுப் பெயர்கள். புதிய ரகத்தை உருவாக்கியவருக்குக் காப்புரிமை கொடுக்கும் தாவரச் சட்டம் 1930இல்தான் வந்தது. அதற்குமுன் ஒரு பெயர் எந்தப் பழத்தைக் குறிக்கிறது என்று நிலைநாட்டச் சட்டப்படியான ஆவணம் என்று ஏதும் கிடையாது. பழத்தையே வைத்திருக்கலாம் என்றால் அது அழுகிவிடும். உலர்த்தி ஒட்டும் தாவர மாதிரித் தாள் இலைக்கும் பூவுக்கும் ஒத்துவரும். சதைப்பற்றுள்ள பழத்தை அதில் உலர்த்தினால் நிறமும் வடிவமும் போய்ச் சக்கை மிஞ்சும். தோட்டக்காரர்கள் தபாலிலும் ரயிலிலும் வாஷிங்டனுக்குப் பழங்களை அனுப்ப, அங்கே அவற்றுக்கு எண் கொடுத்து, அனுப்பியவர் பெயர், ஊர், தேதி எல்லாம் குறித்து, உடனே வரைந்துவைத்தார்கள். இப்படிச் சேர்ந்தவை 7,500க்கும் மேல். அவற்றில் பாதிக்கு மேல் ஆப்பிள்கள், சுமார் 3,800. இன்று மேரிலாந்து மாநிலத்தின் பெல்ட்ஸ்வில்லில் உள்ள தேசிய வேளாண் நூலகத்தில் இருக்கின்றன. உயர்தர மின்பிரதிகள் 2015 முதல் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு பழத்தை வரைந்துவிட்டு அந்த ரகத்தையே வரைந்துவிட்டதாகச் சொல்ல முடியுமா? ஆப்பிளைப் பொறுத்தவரை முடியும். அதற்குக் காரணம் ஒட்டுக்கட்டுதல். ஆப்பிள் மரம் பொதுவாகத் தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. வேறொரு ரகத்தின் மகரந்தம் வர வேண்டும். ஆகவே ஒவ்வொரு விதையும் ஒரு புதுக் கலப்பு. நல்ல ஆப்பிளின் விதையை நட்டால் அதே ஆப்பிள் காய்க்காது. ஒரு ரகத்தைத் தொடர ஒரே வழி அந்த மரத்தின் குச்சியை வெட்டி வேறொரு வேர்க்கன்றில் ஒட்டுவதுதான். அப்படியென்றால் ஒரு ரகத்தின் எல்லா மரங்களும், எந்த ஊரில் நின்றாலும், ஒரே மரத்தின் உடல் நீட்சி. அந்த உடலின் எந்தக் கிளையில் பறித்த பழமும் முழு ரகத்துக்கும் மாதிரிதான். இங்கேதான் பழ ஓவியம் வழக்கமான தாவர ஓவியத்திலிருந்து விலகுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவில் ராபர்ட் வைட் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவருக்காக ரங்கையாவும் அவருக்குப் பின் கோவிந்துவும் வரைந்த தாவரப் படங்கள் ஓர் இனத்தின் பொது உருவைக் காட்ட வேண்டியவை. ஓர் இனத்துக்குள் செடிக்குச் செடி மரபு மாறும். எனவே அத்தகைய படத்தில் பல செடிகளில் கண்ட பொதுத்தன்மையைத் திரட்டுவார்கள், பூச்சி அரித்த இலையைச் சரிசெய்துவிடுவார்கள், பூவைப் பிரித்து உறுப்புகளை ஓரமாகத் தனியே காட்டுவார்கள். வாஷிங்டன் ஓவியர்கள் செய்தது நேர்மாறு. புழு துளைத்த ஆப்பிள் வந்தால் துளையையும் வரைந்தார்கள். அடிபட்டுக் கன்றிய இடம், பூஞ்சை படர்ந்த புள்ளி, கிடங்கில் வைத்ததில் சுருங்கிய தோல் எல்லாமே தாளில் உண்டு. குறிப்பிட்ட தோட்டத்திலிருந்து குறிப்பிட்ட நாளில் வந்த அந்த ஒரு பழத்தின் படம்தான் அது.

இங்கே ஒரு தடை எழும், நியாயமான தடை. மரபு ஒன்றாக இருந்தாலும் பழம் ஒன்றாக இருப்பதில்லையே. தனிப் பழத்தை அதன் வடுக்களோடு வரைந்தால் அது அந்தப் பழத்தைப் பற்றியல்லவா பேசும்? ஆப்பிளின் சிவப்பை எடுத்துக்கொள்வோம். மேல்தோல் செல்களில் கரைந்திருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமிதான் அந்தச் சிவப்பு. அது உருவாக வெளிச்சம் வேண்டும். இலை மறைத்த இடம் வெளிறியே இருக்கும். ஜப்பானில் காயின் மேல் எழுத்து வடிவத் தாளை ஒட்டிவைத்து, பழுக்கும்போது வாழ்த்துச் சொல் தோலிலேயே தெரியும்படி செய்து விற்கிறார்கள் என்றால் வெளிச்சத்தின் ஆட்சியைப் புரிந்துகொள்ளலாம். இரவு குளிர்ந்தால் சிவப்பு கூடும்; தழைச்சத்து மிகுந்தால் குறையும். ஆக, மலைச்சரிவில் விளைந்த ஆப்பிளும் வெப்பச் சமவெளியில் விளைந்த அதே ரகமும் அக்கம்பக்கத்தில் வைத்தால் வேறு வேறு பழங்களாகத் தெரியும். வடிவமும் ஓரளவு மாறும்: பூத்ததற்குப் பிந்திய வாரங்கள் குளிராக இருந்தால் சில ரகங்கள் நீண்டு வளரும். இவ்வளவும் உண்மை. ஆனால் எல்லாமே ஒரே அளவில் மாறுவதில்லை. நிறத்தின் அடர்த்தி தோட்டத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். அந்த நிறம் வரியாக ஓடுகிறதா, சாயம் பூசியதுபோல் பரவுகிறதா, தெளித்ததுபோல் சிதறுகிறதா என்பது ரகத்தைப் பொறுத்தது. காம்பு உட்கார்ந்திருக்கும் குழியின் ஆழம், அதன் விளிம்பில் துருப்பிடித்ததுபோல் படரும் தக்கைத் திட்டு, எதிர்முனையில் பூவின் மிச்சம் ஒட்டியிருக்கும் குழியில் விழும் மடிப்புகள், தோலில் காணும் மூச்சுத்துளைப் புள்ளிகளின் அளவும் நெருக்கமும் ஆகியவை அவ்வளவு எளிதாக இடத்துக்கு இடம் மாறுவதில்லை. நன்றாக வரையத் தெரிந்தவருக்கு இவற்றுள் எது உறுதி, எது நெகிழ்வு என்று தெரிந்திருக்க வேண்டும். உறுதியானவற்றில் கை தவறக்கூடாது. ஊரும் தேதியும் படத்தின் பகுதியாக இருப்பதும் இதற்காகத்தான். சிவப்பு மங்கியிருந்தால் அது ரகத்தின் குணமா, வந்த ஊரின் குணமா என்று பார்ப்பவர் கணிக்க முடியும். அதோடு ஒரே ரகத்தை வெவ்வேறு ஊர்ப் பழங்களைக் கொண்டு திரும்பத் திரும்ப வரைந்தார்கள். அவற்றை வரிசையாக வைத்தால் மாறுவது எது, மாறாதது எது என்பது தானே விளங்கும்.

மாறாதவற்றில் முதலிடம் தோலுக்கு உள்ளே இருப்பவற்றுக்கு. சேகரிப்பில் பெரும்பாலான படங்கள் முழுப் பழத்தை ஒரு பக்கமும், நெடுக்குவாட்டில் வெட்டிய பாதியை இன்னொரு பக்கமும் காட்டும். இது அழகுக்காக வந்த ஏற்பாடு இல்லை. இங்கிலாந்தில் ராபர்ட் ஹாக் தமது பழக் கையேட்டின் 1884ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆப்பிள்களை வகைப்படுத்தியபோது நிறத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, பூ உதிர்ந்த பின்னும் குழிக்குள் காய்ந்து நிற்கும் மகரந்தத்தாள்கள் குழாயின் விளிம்பிலா நடுவிலா அடியிலா எங்கே ஒட்டியிருக்கின்றன, அந்தக் குழாய் கூம்பு வடிவமா புனல் வடிவமா, விதையறைகள் நடு அச்சை நோக்கித் திறந்திருக்கின்றனவா மூடியிருக்கின்றனவா என்பவற்றை முன்னால் வைத்தார். வெளிச்சமோ மண்ணோ இவற்றை அதிகம் தொடுவதில்லை. வெட்டிய முகத்தை வரைவதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு: கத்தி பட்ட நிமிடத்திலிருந்து சதையில் உள்ள நொதி ஒன்று காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து அதைப் பழுப்பாக்கத் தொடங்குகிறது. முதலில் கோடுகளை அளந்து குறித்து, சதையின் நிறத்தை உடனே ஒரு பூச்சில் பிடித்துக்கொண்டு, மற்ற நுணுக்கங்களைப் பிறகு நிதானமாக முடிக்க வேண்டும். விதையறையைச் சுற்றிச் சதைக்குள் ஓடும் மெல்லிய பச்சைக்கோடு, அதாவது நரம்புத் தொகுதியின் எல்லை, பழுப்பேறினால் மறைந்துவிடும். வேகமும் நிதானமும் ஒரே தாளில் வேண்டியிருந்த வேலை இது.

இனி வண்ணத்துக்கு வருவோம். ஏன் நீர்வண்ணம்? விலை மலிவு, சீக்கிரம் உலரும், தாளைக் கோப்பில் வைக்கலாம் என்பவையெல்லாம் உண்டு. ஆனால் இயற்பியல் சார்ந்த காரணம் ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஆப்பிளின் தோல் வண்ணம் பூசிய சுவர் அல்ல. மேல்தோல் செல்களில் ஆந்தோசயனின் கரைந்த நிலையில் இருக்கிறது. ஒளி அதற்குள் புகுந்து செல்லும். அதற்குக் கீழே பச்சையமும், பச்சையம் சிதைந்தபின் வெளிப்படும் மஞ்சள் கரோட்டினாய்டுகளும் உள்ள அடுக்கு. அதற்கும் கீழே வெள்ளைச் சதை. ஆப்பிள் சதையின் கனஅளவில் ஏறத்தாழக் கால்பங்கு காற்று. அதனால்தான் அது தண்ணீரில் மிதக்கிறது. செல்களுக்கு இடையிலுள்ள இந்தக் காற்றிடைவெளிகள் ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடித்துத் திருப்பி அனுப்புகின்றன. நாம் காணும் சிவப்பு, தோலுக்குள் ஒருமுறை நுழைந்து, சதையில் பட்டுச் சிதறி, மறுபடி தோலைக் கடந்து வெளியே வந்த ஒளி. போகும்போதும் வரும்போதும் நிறமி சில அலைநீளங்களை விழுங்கிவிடுகிறது. நீர்வண்ணம் வேலை செய்யும் முறையும் ஏறத்தாழ இதுவே. கருவேல இனத்துப் பிசினில் குழைத்த நிறமித் துகள்கள் தாளின்மேல் மெல்லிய படலமாக நிற்கின்றன. ஒளி அந்தப் படலத்தைக் கடந்து, வெள்ளைத் தாளில் பட்டுத் திரும்பி, மறுபடி கடந்து வருகிறது. முதலில் மஞ்சள் பூச்சு, அது நன்றாக உலர்ந்தபின் மேலே சிவப்புப் பூச்சு என்று ஓவியர் இடும்போது பழத்தின் அடுக்குகள் அதே வரிசையில் தாளில் அமைகின்றன. சிவப்பு மெலிந்த இடத்தில் மஞ்சள் தானாக எட்டிப்பார்க்கும்; தடித்த இடத்தில் ஆழ்ந்த குருதிநிறம் வரும். தட்டில் கலந்து எடுத்த ஆரஞ்சு இந்த வேலையைச் செய்யாது. எண்ணெய் வண்ணத்திலும் ஒளி ஊடுருவும் பூச்சு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு அடுக்கும் உலர நாள்கணக்கில் ஆகும், பழம் அதுவரை காத்திருக்காது.

தோலின் மேற்பரப்பு இன்னொரு பாடம். பளபளப்பான ஆப்பிளின் மேல் தெரியும் வெள்ளை ஒளிப்புள்ளி பழத்துடையது அல்ல. மெழுகுப் பரப்பில் பட்டு நேராகத் திரும்பும் சன்னலின் பிம்பம். நிறமியைத் தொடாமலே திரும்பிவிடுவதால் அதில் சிவப்பு இல்லை. கேமரா இந்தப் பிம்பத்தையும் தோலையும் ஒரே தரமாகப் பதிந்துவைக்கும். அதற்கு அடியில் ஒரு வரியோ புள்ளியோ இருந்தால் அது போனதுதான். ஓவியர் பழத்தைச் சற்றே திருப்பிப் பார்த்துவிட்டு, பிம்பத்தைச் சிறிதாக்கி, தாளின் வெண்மையை அங்கே விட்டுவைத்து, சுற்றியுள்ள வரியை அறுபடாமல் கொண்டுபோகிறார். பிளம்பிலும் திராட்சையிலும் சிக்கல் வேறு. அவற்றின் தோலில் பொடிபோல் படிந்திருக்கும் மெழுகுத் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் கருநீலத் தோலின்மேல் சாம்பல் கலந்த நீலம் படர்ந்ததுபோல் தெரியும். விரல் பட்டால் அழிந்துவிடும். அதை வரைய, அடர்ந்த பூச்சு உலர்ந்தபின் ஈரத்தூரிகையால் வண்ணத்தை லேசாக ஒற்றி எடுப்பார்கள், அல்லது வெளிறிய நீலத்தை முதலிலேயே இட்டு, பொடி அழிந்த இடங்களில் மட்டும் அடர்நிறத்தை ஏற்றுவார்கள். இரண்டாவது வழியில் ஓவியர் வரைவது பழம் யார் கைபட்டு வந்தது என்ற செய்தியையும்தான். டெபோரா கிரிஸ்கம் பாஸ்மோர் 1892 முதல் 1911இல் இறக்கும்வரை துறையில் இருந்து 1,500க்கும் மேற்பட்ட படங்கள் வரைந்தார். அமாண்டா நியூட்டன், மேரி டெய்சி ஆர்னால்டு இருவரும் ஆளுக்கு ஆயிரத்துக்கு மேல். அமெரிக்க அறிவியல் பெண்களுக்குப் பெரிதாகக் கதவு திறக்காத காலத்தில் பழவியலின் முதன்மை ஆவணத்தைப் பெருமளவு பெண்கள் உருவாக்கினார்கள் என்பதை அந்தத் துறையின் வரலாற்று நூல்கள் இன்னும் சற்று உரக்கச் சொல்லலாம்.

முடிவெடுக்கும் கை என்றால் தவறிழைக்கும் கையும்தானே என்று அடுத்த தடை வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி அறிவியலில் மனிதக் குறுக்கீடு இல்லாத இயந்திரப் பதிவே நம்பத்தக்கது என்ற எண்ணம் வலுத்த காலம். அந்த அளவுகோலின்படி ஓவியம் ஒரு படி கீழே. எண்ணிக்கைக்கு உரிய விஷயங்களில் இந்த அளவுகோலை ஏற்கலாம். எத்தனை விண்மீன்கள், எவ்வளவு தொலைவு என்று கேட்டால் தகடுதான் நம்பகமான விடை. ஆனால் ஒரு ரகத்தை இன்னொன்றிலிருந்து பிரிப்பதில் கேள்வியே எது முக்கியம் என்பதுதான். தகடு எல்லாவற்றையும் பதிந்துவிட்டுத் தேர்வைப் பார்ப்பவரிடம் விட்டுவிடுகிறது. பார்ப்பவர் கையில் பழம் இல்லை. பழம் கையில் இருந்த ஒருவர், அதைத் திருப்பி, தடவி, வெட்டிப் பார்த்தபின் தேர்ந்து வைத்தது ஓவியம். தேர்வில் தவறு இருந்தால்? இருக்கும். அதற்குத்தான் ஒரே ரகத்துக்குப் பல கைகள், பல ஆண்டுகள். மூன்று ஓவியர்கள் மூன்று தோட்டத்துப் பழத்தில் ஒரே வடிவக் காம்புக்குழியை வரைந்திருந்தால் அது கையின் பழக்கம் என்று ஒதுக்க முடியாது. அழுகலையும் பூச்சிக்கடியையும் விடாமல் வரைந்ததற்கு இங்கே ஒரு பயன் புலனாகிறது. அழகுபடுத்தும் கை அழுகலை வரைந்திருக்காது. அழுகல் இருக்கிறதென்றால் மற்றவற்றிலும் அந்தக் கை நேர்மையாக இருந்திருக்கும் என்று கொள்ள இடமுண்டு.

வண்ணம் வெளிறிவிடுமே என்பது வேதியியல் தடை, இதற்கு ஓரளவு விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த கார்மைன் பழச்சிவப்புக்கு மிகப் பொருத்தமான வண்ணம். வெளிச்சத்தில் மிக விரைவாக மங்குவதும் அதுவே. லண்டன் தோட்டக்கலைச் சங்கத்துக்காகப் பழங்களை வரைந்த வில்லியம் ஹூக்கர் பிரஷ்யன் நீலத்தையும் கார்சீனியா மரப் பிசினான காம்போஜ் மஞ்சளையும் கலந்து ஓர் இலைப்பச்சை உண்டாக்கினார். அது இன்றும் அவர் பெயரிலேயே விற்கிறது. காம்போஜ் மங்கினால் அந்தப் பச்சையில் நீலம்தான் எஞ்சும். 1888இல் இங்கிலாந்தில் ரசலும் ஆப்னியும் நீர்வண்ணங்களை வெயிலில் வைத்துச் சோதித்து வெளியிட்ட அறிக்கை இதைத் தெளிவாக்கியது. அதே அறிக்கையில் ஆறுதலான செய்தியும் இருந்தது: ஈரமும் காற்றும் இல்லாத இடத்தில் பெரும்பாலான வண்ணங்கள் வெளிச்சத்தைத் தாங்கின. வேளாண்மைத் துறையின் படங்கள் சுவரில் தொங்கவில்லை. கோப்புகளில் இருட்டில் கிடந்தன. யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்ததே அவற்றைக் காப்பாற்றியது என்றுகூடச் சொல்லலாம். மங்கியிருந்தாலும் மங்குவது நிறம் மட்டுமே. குழியின் ஆழமும் விதையறையின் அமைப்பும் பென்சில் கோட்டில் இருக்கின்றன, கரி மங்காது. வண்ணப் புகைப்படமும் இந்த நோய்க்கு விலக்கல்ல. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வண்ணப் பிரதிகள் பல இன்று ஒரே நிறத்தில் சாய்ந்து நிற்பதை எந்தக் குடும்பத்து ஆல்பத்திலும் பார்க்கலாம்.

இன்றைய தடை டி.என்.ஏ. ஓர் இலையைக் கிள்ளி ஆய்வகத்துக்கு அனுப்பினால் இரண்டு மரங்கள் ஒரே ரகமா இல்லையா என்பது தெரிந்துவிடும். இதைவிடத் துல்லியமான சோதனை வேறில்லை. பிறகு படம் எதற்கு? முதல் விடை, டி.என்.ஏ. ஒப்பிடத்தான் முடியும், பெயர் சொல்ல முடியாது. கைவிடப்பட்ட பண்ணையில் நிற்கும் நூறாண்டு மரத்தின் மரபுக் குறிகள் எந்தச் சேகரிப்பிலும் இல்லாதவை என்று ஆய்வகம் சொன்னால், அது மறைந்துபோனதாகக் கருதிய பழைய ரகமா, எப்போதோ எறிந்த விதையிலிருந்து தானாக முளைத்ததா என்று அந்தக் குறிகளால் தீர்மானிக்க முடியாது. பழத்தையும் பெயரையும் சேர்த்து முடிந்து வைத்திருப்பவை பழைய நூல்களின் விவரிப்பும் இந்தப் படங்களும்தான். வாஷிங்டன் மாநிலத்திலும் இடாஹோவிலும் கைவிட்ட தோட்டங்களில் ஆப்பிள் தேடும் லாஸ்ட் ஆப்பிள் புராஜெக்ட் குழு, பறித்த பழங்களை ஒரிகன் மாநிலத்து டெம்பரேட் ஆர்ச்சர்டு கன்சர்வன்சி அமைப்புக்கு அனுப்பும். அங்கே உள்ளவர்கள் பழத்தை வெட்டி, வேளாண்மைத் துறையின் நீர்வண்ணங்களோடும் பழைய கையேடுகளோடும் ஒப்பிட்டு அடையாளம் சொல்வார்கள். இப்படி அழிந்துவிட்டதாக நம்பப்பட்ட பத்து ரகங்கள் மீண்டும் கிடைத்ததாக 2020 ஏப்ரலில் அறிவித்தார்கள். கோல்டு ரிட்ஜ், கிளாரிபெல் இரண்டும் அந்தப் பத்தில் அடக்கம். இரண்டாவது விடை கொஞ்சம் நுட்பமானது. ஐயோவா மாநிலத்தில் ஜெஸ்ஸி ஹயாட்டின் தோட்டத்தில் தோன்றிய ஆப்பிள்தான் பிற்பாடு ரெட் டெலிஷியஸ் என்று உலகக் கடைகளை நிரப்பியது. தொடக்கத்தில் அதன் தோல் மஞ்சள் தரையில் சிவப்பு வரி. எங்கோ ஒரு மரத்தில் ஒரு கிளை மட்டும் திடீர் மாற்றத்தால் முழுச்சிவப்பாகக் காய்க்க, அந்தக் கிளையை ஒட்டுக்கட்டினார்கள். அதிலும் சிவந்த கிளை, பிறகு அதிலும் சிவந்தது என்று போய், வரியே இல்லாத ஆப்பிள் உருவாயிற்று. வழக்கமான மரபுக்குறிச் சோதனையில் இவை அனைத்தும் ஒன்றே. கண்ணுக்கு வெவ்வேறு. இந்த வேறுபாட்டைப் பதிந்துவைக்கும் கருவி கண்ணும் கையும்தான்.

டி.என்.ஏ. எங்கே வெல்கிறது என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு சொல்லிவிட வேண்டும், அதில் நம் ஊர்ப் பழம் ஒன்றின் சாயல் இருக்கிறது. இதே வேளாண்மைத் துறை 1889இல் இந்தியாவிலிருந்து ஒட்டு மாங்கன்றுகளைத் தருவித்து ஃபுளோரிடாவில் நடக் கொடுத்தது. 1894-95 குளிர்காலத்தின் உறைபனியில் மற்றவை பட்டுப்போக, லேக் வொர்த் ஏரிப் பக்கம் ஒன்று பிழைத்து 1898இல் காய்த்தது. முல்கோபா என்று பதிவான அந்த மரத்தின் விதையை நட்டு முளைத்ததுதான் ஹேடன். இன்று ஐரோப்பியக் கடைகளில் அடுக்கியிருக்கும் டாமி அட்கின்ஸ் ஹேடனின் வழிவந்தது. ஹேடனின் தந்தை யார் என்று எந்தப் படமும் சொல்லியிருக்க முடியாது. நுண்குறிச் சோதனைதான் அது டர்பெண்டைன் என்ற நாட்டு ரகம் என்று காட்டியது. ஆனால் முல்கோபா என்ற சொல்லைக் கேட்டதும் சேலம் மல்கோவாவின் பருத்த உருண்டையும் பச்சை மாறாத தோலும் நினைவுக்கு வரும் தமிழ் வாசகர், பெயர் ஒன்றுபோல் ஒலிப்பதால் பழமும் ஒன்றென்று முடிவுகட்டக் கூடாது. கடல் கடந்து போனது ஒரு சீட்டில் எழுதிய பெயர். அதை எழுதியவர் கையில் இருந்த பழம் எது என்பதுதான் கேள்வி. துறையின் ஓவியர்கள் மாம்பழங்களையும் வரைந்துவைத்திருக்கிறார்கள் என்பது இந்த இடத்தில் பயன்படும்.

பெயர்ச்சீட்டைப் பற்றிய இந்த ஐயம் முழுச் சேகரிப்புக்கும் பொருந்தும். படங்களின் அடியில் உள்ள பெயர்கள் பழத்தை அனுப்பிய தோட்டக்காரர்கள் சொன்னவை. அவர்களுக்கும் அந்தப் பெயர் ஏதோ ஒரு நாற்றுப் பண்ணையிடமிருந்து வந்தது; மேலே சொன்ன குழப்பம் முழுவதும் அந்தச் சங்கிலியில் உண்டு. சான்றையே குழப்பத்திலிருந்து எடுத்துவிட்டுக் குழப்பத்தைத் தீர்க்கிறோம் என்பது எப்படி என்று கேட்கலாம். படமும் பெயரும் ஒரே தாளில் இருந்தாலும் இரண்டு தனித்தனிச் சான்றுகள் என்பதே விடை. பெயர் ஒருவரின் கூற்று. படம் இன்னொருவர் கண்டது. கண்டவருக்கு அந்தக் கூற்று உண்மையாக வேண்டும் என்ற அக்கறை கிடையாது, அவர் பழத்தைத்தான் வரைந்தார். ஆகவே இவற்றைப் பயன்படுத்துகிறவர்கள் அடியில் எழுதிய பெயரைக் கடைசியில் படிப்பது நல்லது: முதலில் வெட்டுமுகத்தில் விதையறை, பிறகு இரு முனைக் குழிகள், பிறகு தோலின் புள்ளிகளும் வரிகளும், அதன்பின் பழம் வந்த ஊரும் தேதியும், ஊரைக் கணக்கில் கொண்டு நிறம், எல்லாவற்றுக்கும் பிறகு பெயர்.